மோசடி குறுஞ்செய்திக்குப் பதில் போடாமல் சமாளிப்பது எப்படி?

"முகவரி சரியில்லாததால் உங்கள் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு மெசேஜ். நீங்கள் எதுவுமே ஆர்டர் செய்யவில்லை. 'ராங் நம்பர்' என்று சொல்லிவிடலாமா, நாலு வார்த்தை திட்டிவிடலாமா என்று கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். ஒரே மெசேஜை ஏராளமான எண்களுக்கு மொத்தமாக அனுப்புகிறார்கள். எந்த எண் புழக்கத்தில் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. நீங்கள் திட்டினாலும் சரி, இங்கே ஆள் இருக்கிறார், படிக்கிறார் என்பது உறுதியாகிவிடும். அப்படி உறுதியான எண்கள் மற்ற மோசடிக் கும்பல்களுக்கும் விற்கப்படுகின்றன.

படி 1: எதையும் தொடாதீர்கள்

லிங்க்கைத் தட்ட வேண்டாம், அதில் உள்ள எண்ணுக்கு அழைக்கவும் வேண்டாம். 'ஸ்டாப்' என்று அனுப்பினால் நிற்பது முறையான நிறுவனங்களின் விளம்பரங்கள்தான். மோசடிக்காரருக்கு அதுவும் ஒரு பதில்.

ஐபோனில் இன்னொரு ஆபத்து உண்டு. தெரியாதவர் ஐமெசேஜில் (ஆப்பிளின் சொந்த மெசேஜ் சேவை) அனுப்பும் லிங்க்கைத் தட்டினாலும் திறக்காதபடி ஆப்பிள் பூட்டி வைத்திருக்கிறது. நீங்கள் ஒரு பதில் போட்டால் போதும், பூட்டு விலகிவிடும். "'Y' என்ற எழுத்தை அனுப்பிவிட்டு, மெசேஜை மூடித் திறந்து லிங்க்கைத் தட்டவும்" என்று மோசடிக்காரர்கள் கேட்பது இதற்காகத்தான்.

படி 2: வேறு வழியில் விசாரியுங்கள்

அனுப்புநர் பெயரைப் பார்த்து நம்பாதீர்கள். அதைப் போலியாகப் போட முடியும். அப்போது மோசடி மெசேஜ், உங்கள் வங்கியின் உண்மையான மெசேஜ்களுக்குக் கீழேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். சந்தேகம் இருந்தால் கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழையுங்கள், அல்லது வங்கியின் செயலியை நீங்களே திறந்து பாருங்கள்.

படி 3: புகார், பிளாக், டெலீட்

இதே வரிசையில் செய்யுங்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட். அப்புறம் மெசேஜ் செயலியிலேயே ஸ்பேம் என்று புகார் செய்யுங்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடாவில் 7726 என்ற எண்ணுக்கும் அந்த மெசேஜை ஃபார்வர்ட் செய்யலாம். பிறகு பிளாக் செய்து, அழித்துவிடுங்கள்.

படி 4: ஏற்கெனவே பதில் போட்டிருந்தால்

வெறும் பதில் மட்டும்தான் என்றால் பதற வேண்டாம். பேச்சை அங்கேயே நிறுத்தி பிளாக் செய்யுங்கள். சில நாட்களுக்கு இதுபோன்ற மெசேஜ்களும் அழைப்புகளும் கூடலாம்.

"தவறுதலாக உங்களுக்கு 6 இலக்க எண் வந்துவிட்டது, அனுப்புங்களேன்" என்று கேட்டு நீங்கள் அனுப்பியிருந்தால் அது அவசரம். பெரும்பாலும் அது உங்கள் வாட்ஸ்அப்பை இன்னொரு போனில் திறக்கும் சாவி. உடனே உங்கள் எண்ணை மறுபடி பதிவு செய்து உள்ளே நுழைந்து, இரண்டு படி சரிபார்ப்பை (நீங்கள் வைக்கும் ரகசிய எண்ணையும் கேட்கும் வசதி) ஆன் செய்யுங்கள். கார்டு விவரம் கொடுத்திருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு: கார்டை முடக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கொடுத்திருந்தால், அதே பாஸ்வேர்டு உள்ள எல்லாக் கணக்குகளிலும் மாற்றுங்கள்.

பணம் போயிருந்தால், "மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று அடுத்த மெசேஜ் வரக்கூடும். ஏமாந்தவர்களைத் தேடிப் பிடிக்கும் இரண்டாவது மோசடி அது. அதற்கும் ஒரு வார்த்தைகூடப் பதில் போடாதீர்கள்.