டபுள் கிளேஸ்டு ஜன்னல்: வேலூர் வெயிலில் செய்யக்கூடாத தவறுகள்

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் வீடு கட்டுகிறவர்கள் இப்போது டபுள் கிளேஸ்டு ஜன்னல், அதாவது நடுவில் இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடி வைத்த ஜன்னல் பற்றி விசாரிக்கிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால், "ரெண்டு கண்ணாடி சார், சூடே உள்ள வராது" என்று சொல்வதை அப்படியே நம்பி ஆர்டர் கொடுத்துவிடக் கூடாது.

ஜன்னல் வழியாகச் சூடு இரண்டு விதமாக வரும். வெளிக்காற்றின் சூடு கண்ணாடியைக் கடந்து வருவது ஒன்று. இதை டபுள் கிளேஸ்டு பாதியாகக் குறைக்கும்: ஒற்றைக் கண்ணாடியின் யு-மதிப்பு (சூடு கடந்துவரும் அளவு) 5.7 போல இருக்கும், இதற்கு 2.8தான். இன்னொன்று நேரடி வெயில். அங்கேதான் ஏமாறுகிறோம். ஒற்றைக் கண்ணாடி வெயில் சூட்டில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடும். கோட்டிங் இல்லாத டபுள் கிளேஸ்டும் 70 சதவீதம் போல விட்டுவிடும். கத்திரி வெயிலில் மேற்கு பார்த்த படுக்கையறைக்கு இதனால் பெரிய பயன் இல்லை. வெயில் சூட்டைத் தடுக்கும் மெல்லிய பூச்சான சோலார் கன்ட்ரோல் லோ-இ கோட்டிங் கேளுங்கள், வெயில் சூட்டில் எவ்வளவு உள்ளே வரும் என்று காட்டும் எஸ்.எச்.ஜி.சி. எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எண் குறையக் குறைய நல்லது.

கோட்டிங், வெளிக்கண்ணாடியின் உட்பக்கத்தில் இருக்க வேண்டும். இருட்டியபின் வெளியே நின்று, கண்ணாடிக்கு அருகே லைட்டரைப் பற்றவைத்துப் பாருங்கள். நான்கு சுடர் தெரியும். உங்களுக்கு அருகிலிருந்து இரண்டாவது சுடர் மட்டும் நிறம் மாறித் தெரிந்தால் சரி. நான்கும் ஒரே நிறமாக இருந்தால் கடைக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான்.

வீட்டிலேயே இரண்டு கண்ணாடியை வைத்து சிலிகான் அடித்துத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். தொழிற்சாலையில் செய்வதில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஓரமாக ஓடும் ஸ்பேசர் சட்டத்துக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும், ஓரம் முழுக்க சீல் ஆகியிருக்கும். கையால் ஒட்டியதில் மழைக்காலத்தில் உள்ளே ஆவி படியும். அதைத் துடைக்கக்கூட வழியில்லை.

கண்ணாடிக்குச் செலவழித்துவிட்டு ஃப்ரேமில் மிச்சம் பிடிப்பதும் வீண். வெறும் அலுமினியம் சூட்டை நன்றாகக் கடத்தும். யுபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக்), அல்லது தெர்மல் பிரேக் (சூட்டைத் தடுக்கும் இடைத்துண்டு) வைத்த அலுமினியம் போடலாம். ஸ்லைடிங்கைவிட ரப்பர் கேஸ்கெட்டோடு இறுக்கி மூடும், கதவுபோலத் திறக்கும் கேஸ்மென்ட்டில் காற்றுக் கசிவு குறைவு. பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளுக்கு லாரி இரைச்சலும் குறையும், இரண்டு கண்ணாடியும் வெவ்வேறு கனத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

இந்த ஜன்னல் போட்டால் சன்ஷேடு வேண்டாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுப்பதுதான் புத்திசாலித்தனம். மேற்கில் சாய்ந்த வெயிலுக்கு சன்ஷேடும் போதாது, வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடலாம். உள்ளே போடும் திரை, சூடு வந்தபிறகு போடும் திரைதான். மேல்மாடி வீடென்றால் முதல் செலவு மொட்டை மாடிக்கு: கூல் டைல்ஸ் அல்லது வெள்ளைப் பூச்சு.

திறக்காத ஃபிக்ஸ்டு கண்ணாடி விலை குறைவு என்று எல்லா ஜன்னலையும் அப்படியே அடைக்கிறவர்களும் உண்டு. பகலில் சுவர் வாங்கிய சூடு ராத்திரி வெளியேற வழி வேண்டாமா? கொசுவலையோடு திறக்கிற மாதிரி வையுங்கள். இல்லையென்றால் விடிய விடிய ஏசிதான்.