பிரஞ்ச் (brunch, காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் சேர்ந்தது) சாப்பிடப் போகிறீர்களா?

நியூயார்க்கில் கிளின்டன் ஸ்ட்ரீட் பேக்கிங் கம்பெனியின் புளூபெர்ரி பான்கேக் ரொம்பப் பிரபலம். சனி, ஞாயிறு போனால் வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டியதுதான். வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். கூடவே வரும் சூடான மேப்பிள் பட்டரை (மேப்பிள் பாகு கலந்த வெண்ணெய்) மொத்தமாக ஊற்றாதீர்கள், தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டால்தான் பான்கேக் கொழகொழக்காது.

சைவக்காரர்கள் எந்த அமெரிக்க பிரஞ்ச் கடையிலும் கேட்டுவிட்டே ஆர்டர் செய்யுங்கள். 'பிஸ்கட்ஸ் அண்ட் கிரேவி'யில் (இந்த பிஸ்கட் நம்மூர் பிஸ்கட் இல்லை, மெத்தென்ற பன் மாதிரி) வரும் வெள்ளைக் குழம்பு பார்க்கப் பால் மாதிரி அப்பாவியாக இருக்கும். ஆனால் வழக்கமாகப் பன்றி சாசேஜை வதக்கி, அந்தக் கொழுப்பிலேயே மாவை வறுத்துப் பால் ஊற்றிச் செய்வது அது. உருளைக்கிழங்கு வறுவலும் சில இடங்களில் பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) கொழுப்பில்தான்.

அப்புறம், டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம். பெரிய கும்பலாகப் போனால் அது பில்லிலேயே சேர்ந்திருக்கலாம், பார்த்துக் கொடுங்கள்.