நீந்தத் தெரியாதவர்களையும் அழைத்துக்கொண்டு ரிசார்ட்டுக்கு

எங்கள் வீடு திருவொற்றியூரில் இருக்கிறது. மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும். உப்புக்காற்றுக்கு ஜன்னல் கம்பி தாங்காது, அடிக்கடி பெயின்ட் அடிக்க வேண்டும். ஆனால் பிள்ளைகளைக் கடலில் இறக்கிவிட இடம் கிடையாது. நான் சிறுவனாக ஓடி விளையாடிய மணலை அலை அரித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது கரை நெடுகக் கருங்கல், நடுநடுவே தூண்டில் வளைவுகள், அதாவது அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் கல் சுவர்கள். கல்லிடுக்கில் பாசி வழுக்கும். எண்ணூர்ப் பக்கம் போனால் வேறு கவலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து முகத்துவாரத்தில் படிந்ததை அங்குள்ள மீனவர்கள் மறக்கவில்லை. காசிமேடோ படகும் வலையும் ஐஸ் வண்டியுமாக உழைக்கிற இடம்.

அதனால், வெளிநாட்டிலிருந்து வடசென்னை வீட்டுக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் பிள்ளைகளைத் தண்ணீரில் ஆடவிட வேண்டும் என்றால் ரிசார்ட் குளம்தான் கைகொடுக்கிறது. நான் சிங்கப்பூரிலிருந்து வந்துபோகிறவன். பல ரிசார்ட்டுகளுக்குக் குடும்பத்தோடு போய்வந்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைகளை மனதில் வைத்து ரிசார்ட் பார்க்காதீர்கள். அவர்களுக்குப் பள்ளியிலேயே நீச்சல் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கூட வரப்போகிற அண்ணன் மகன், சித்தி மகள், அத்தை, ஆயா, இவர்களில் பலர் நீச்சல் குளத்தில் கால்கூட வைத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பொருந்துகிற குளமா என்று பாருங்கள்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த பாடம். ஒரு மே மாதம், ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் பதினைந்து பேர் இருந்தோம். குளத்தோரம் பெரியவர்கள் மட்டும் எட்டுப் பேர். என் தம்பி மகனுக்கு ஆறு வயது. என் பிள்ளைகள் ஓடிப்போய் குதிப்பதைப் பார்த்து அவனும் படியை விட்டு இரண்டு அடி முன்னே நகர்ந்திருக்கிறான். தரை சரிந்து போவது அவனுக்குத் தெரியவில்லை. கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாய் மட்டும் மேலே வந்து வந்து போனது. விளையாடுகிறான் என்றே நினைத்தோம். என் அண்ணிதான் புடவையோடு இறங்கி இழுத்துப் போட்டார். லைஃப்கார்டு என்று சொல்லப்பட்டவர் அந்த நேரம் துண்டு மடித்துக்கொண்டிருந்தார். பையன் இருமி, அழுது, அரைமணி நேரத்தில் பூரி கேட்டான். எங்களுக்குத்தான் இரவு முழுக்கத் தூக்கம் இல்லை.

தண்ணீரில் மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. மூச்சு விடவே வழியில்லாதபோது கத்துவது எப்படி? அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. குளத்தில் பிள்ளைகள் இருக்கும்வரை ஒருவர் பார்வைக்காரர். அவர் கையில் போன் இருக்கக் கூடாது, பஜ்ஜி இருக்கக் கூடாது, அரட்டையும் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறும். மாறும்போது பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும்: "மச்சான், இனிமே நீங்க பாருங்க." எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில்தான் யாரும் பார்க்காமல் போகிறோம்.

போனில் என்ன கேட்பது

படங்களை நம்பிப் பதிவு செய்யாதீர்கள். போன் போட்டு, ஆழம் எவ்வளவு என்று கேளுங்கள். "நாலு அடிதான் சார்" என்பார்கள். நாலு அடித் தண்ணீர் ஐந்தடி உயரமுள்ள என் அத்தைக்குத் தோள்வரை வரும். பழக்கமில்லாதவருக்கு அதுவே பயம். மூன்றடியில் தொடங்கி எந்த இடத்தில் சரிகிறது, அங்கே கயிறு கட்டியிருக்கிறார்களா, ஓரத்தில் ஆழம் எழுதியிருக்கிறதா, இறங்கப் படிக்கட்டா வெறும் இரும்பு ஏணியா? முட்டிவலி உள்ளவர்கள் ஏணியில் இறங்க மாட்டார்கள். கைப்பிடியோடு அகலமான படிக்கட்டு இருந்தால் ஆயாகூட இரண்டாம் படியில் உட்கார்ந்து காலை நனைப்பார். எங்கள் ஆயா அப்படித்தான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், எழுந்து வரவே மனமில்லை.

அடுத்த கேள்வி உடை. பெரும்பாலான ரிசார்ட்டுகளில் பருத்தி உடையோடு, புடவை சுடிதாரோடு இறங்க விடமாட்டார்கள். நைலான் அல்லது லைக்ரா வேண்டும். இது தெரியாமல் போய், வீட்டுப் பெண்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். பாவமாக இருந்தது. அங்கே வாடகைக்குத் தரும் உடை அளவு சரியாக இருக்காது, மற்றவர் போட்டதைப் போடவும் கூசுவார்கள். முழுக்கையும் முழுக்காலும் உள்ள நீச்சலுடை இருந்தால் பெரியம்மாகூடத் தயங்காமல் இறங்குவார். வெளிநாட்டிலிருந்தே வாங்கி வருவது நல்லது. மறந்துவிட்டால் பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள விளையாட்டுப் பொருள் கடைகளில் தேடலாம். ஒரு வாரம் முன்பே அளவு கேட்டு எல்லோருக்கும் வாங்கி வைத்துவிடுங்கள். அன்பளிப்பாக சாக்லேட் கொண்டு வருவதைவிட இது உதவும்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குளத்துக்குப் போகக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எண்ணெயும் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்தால்தான் கண் எரியும் அந்த வாடை வருகிறது. வாடை தூக்கலாக அடித்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் வாடை குறைவு. தண்ணீரில் குளோரின் 1 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறையாமலும், அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.0-லிருந்து 7.8-க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. சொல்லும் அளவு. நிறம் மாறும் சோதனைப் பட்டைகள் வெளிநாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும், ஒரு டப்பா பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பட்டை இல்லையென்றால் கண்ணே போதும்: ஆழமான பக்கத்தில் அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் இறங்காதீர்கள். மூழ்கிய பிள்ளையும் அந்தத் தண்ணீரில் தெரியாது.

செங்குன்றம் பக்கமும் ஈ.சி.ஆர். பக்கமும் குளத்தோடு பண்ணை வீடுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் மலிவு, சமைத்துச் சாப்பிடலாம், வஞ்சிரம் வாங்கிப் போய் வறுக்கலாம். ஆனால் அங்கே லைஃப்கார்டு இருப்பது அரிது. தண்ணீரை யார், எப்போது பார்க்கிறார்கள் என்பதற்கும் பதில் கிடைக்காது. கேரளத்தில் 2024, 2025-ல் மூளையைத் தாக்கும் அமீபாத் தொற்று வந்த செய்திகளைப் படித்தோம். வெதுவெதுப்பான, குளோரின் குறைந்த தண்ணீர் மூக்கில் ஏறுவதுதான் அதற்கு வழி. நீந்தத் தெரியாதவர்கள் அதிகமாக இருக்கும் குடும்பத்துக்குப் பண்ணை வீட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எப்போது, எந்தப் பக்கம்

கல்யாண சீசனில் ஈ.சி.ஆர். ரிசார்ட்டுகள் பாதி கல்யாண மண்டபங்கள். குளத்தோரத்தில் மேடை போட்டு, விளக்குக் கட்டி, குளத்தை மூடிவிடுவார்கள். நீங்கள் முழுப் பணம் கொடுத்து அறைக்குள் உட்கார்ந்திருப்பீர்கள். "அன்னைக்கு ஃபங்ஷன் எதாவது இருக்கா, கம்பெனி அவுட்டிங் இருக்கா, குளம் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?" என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. ஜூலை இறுதியில் லண்டனில் பள்ளி விடுமுறை தொடங்குகிறது, நம் ஆடி மாதமும் அப்போதுதான். வீட்டருகே அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதையும் பார்க்கலாம், வாரநாளில் ரிசார்ட்டும் காலியாக இருக்கும். எனக்குப் பிடித்த மாதம் அது. சாயங்காலம் இடிமழை வரும், இடிச் சத்தம் கேட்டதும் எல்லோரையும் குளத்திலிருந்து ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். மே மாதக் கத்திரி வெயிலில் போனால் காலை பத்து மணிக்குள் ஆடி முடித்து, மறுபடி நாலு மணிக்கு மேல் இறங்குங்கள். நடுப்பகலில் ஓரத்து டைல்ஸில் கால் பொசுங்கும், நிழல் இல்லாத குளத்தில் தண்ணீரும் சூடாகிவிடும். காணும் பொங்கல், டிசம்பர் 31 இரண்டு நாளும் ஈ.சி.ஆர். பக்கமே போக வேண்டாம்.

வடசென்னைக்காரர்களுக்குத் தூரம் பெரிய விஷயம். திருவொற்றியூரிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எங்கள் சாலையில் தொடங்கி, ஊரைக் குறுக்கே கடந்து போவதற்குள் சின்னப் பிள்ளைகள் சோர்ந்துவிடும். ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்காரர்கள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் கடற்கரைச் சாலை வழியே அடையாறு, திருவான்மியூர் தாண்டிவிடலாம். மணலி, மாதவரம், மீஞ்சூர்ப் பக்கம் வீடு என்றால் மீஞ்சூரிலிருந்து வண்டலூர் போகும் வெளிவட்டச் சாலை நல்லது. அது மட்டுமே 62 கிலோமீட்டர், டோல் உண்டு, சுற்றுதான். ஆனாலும் வண்டி நிற்காமல் ஓடும். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய்ச் சேரலாம். பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் டெம்போ டிராவலர் ஒன்று பேசிக்கொள்ளுங்கள். இரண்டு காராகப் போனால் ஒரு கார் எப்போதும் வழியில் டீக்கு நிற்கும், மற்றது காத்திருக்கும்.

விமான நிலையம் தெற்கே இருப்பதால் இறங்கிய அன்றே ரிசார்ட்டுக்குப் போய்விடலாமே என்று தோன்றும். எரிபொருள் கணக்குக்கு அது சரி, அம்மா மனதுக்குச் சரிவராது. முதலில் வீட்டுக்குப் போங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து விமான நிலையத்திலிருந்து ஒரே மெட்ரோவில் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் வரை வந்துவிட முடிகிறது. நான்கைந்து நாள் கழித்து, வெளிநாட்டுப் பிள்ளைகளின் தூக்கமும் வயிறும் ஊருக்குப் பழகியபின் கிளம்பலாம். அந்த இடைவெளியில் பெரியமேடு மைலேடி பூங்காவில் உள்ள மாநகராட்சிக் குளத்தில் நேரமும் கட்டணமும் கேட்டுக்கொண்டு, மாமா பிள்ளைகளை ஒருமுறை தண்ணீருக்குப் பழக்குங்கள். முகத்தைத் தண்ணீரில் வைக்கவும் ஓரத்தைப் பிடித்து நிற்கவும் தெரிந்தாலே ரிசார்ட்டில் பாதி பயம் போய்விடும்.

எந்த ரிசார்ட் என்று கேட்பவர்களுக்கு: கோவளத்தில் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ், மாமல்லபுரத்தில் ரேடிசன் ப்ளூ டெம்பிள் பே போன்றவை விலை கூடியவை. டெம்பிள் பேயில் வளைந்து வளைந்து போகும் குளம் பெரியது, பெரிய குடும்பம் சிதறி ஆடலாம். ஆனால் சிதறினால் பார்வைக்காரர் இரண்டு பேர் வேண்டும். மாமல்லபுரத்திலேயே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதி இருக்கிறது, மரங்களும் வெளியும் உண்டு, பகட்டு இல்லை. சித்தப்பா, சித்தி அங்கே இயல்பாக இருப்பார்கள். விலை கூடிய இடத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் காபி விலையைப் பார்த்துவிட்டுப் பேச்சே குறைந்துபோனதும் உண்டு. இதையும் கணக்கில் வையுங்கள். எங்கே தங்கினாலும் ரிசார்ட்டின் கடற்கரை வாசலைப் பிள்ளைகள் தனியே திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கடலில் இழுப்பு அதிகம்.

காகிதமும் காசும்

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசிடம் பதிவுசெய்ய வேண்டியது விடுதியின் பொறுப்பு. சில சிறிய ரிசார்ட்டுகள் அந்த வேலை தெரியாமல் வாசலிலேயே கையை விரித்துவிடும். பதிவு செய்யும்போதே "எங்களுக்கு ஃபாரின் பாஸ்போர்ட், ரூம் கொடுப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். அசல் கடவுச்சீட்டு, விசா அல்லது ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கானது), கூட வரும் உள்ளூர் உறவினர்களின் ஆதார் எல்லாம் கையில் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரையான அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். சொல்லும் விலையில் வரி சேர்த்தியா என்று கேளுங்கள். ஆயாவுக்காக ஒரே ஒரு அறை எடுத்து, மற்றவர்கள் பகல் மட்டும் இருந்துவிட்டுத் திரும்பும் பேக்கேஜும் பல இடங்களில் உண்டு. எங்களுக்கு அதுதான் நன்றாக ஒத்துவந்தது. ஆயா மதியம் ஏசியில் படுத்துக்கொள்வார், ஈரத்துணியும் பைகளும் அந்த அறையில் கிடக்கும்.

பையில் போட வேண்டியவை கொஞ்சம்தான்: அளவுக்கேற்ற லைஃப் ஜாக்கெட் சின்னவர்களுக்கு, வெயில் க்ரீம், தொப்பி, குடிதண்ணீர், குளித்து முடித்ததும் தின்ன முறுக்கோ கடலை மிட்டாயோ. கையில் மாட்டும் காற்றடைத்த பலூனையும் டியூபையும் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள், அவை கழன்றுவிடும், கவிழ்ந்துவிடும்.

திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் குளத்தில் ஆட வேண்டாம். காதில் நீர் கோத்து வலி எடுத்தால் விமானத்தில் பிள்ளை படும் பாடு பெரிது. நாங்கள் குறைந்தது மூன்று நாள் இடைவெளி விடுகிறோம். அந்த நாட்களில் நீச்சலுடைகளை நல்ல தண்ணீரில் அலசி மொட்டைமாடியில் காயப்போடுவோம். எங்கள் பிள்ளைகளுடையதைப் பெட்டியில் வைப்போம். தம்பி மகனுடையதையும் பெரியம்மாவுடையதையும் மடித்து, அடுத்த வருகைக்காக அம்மாவின் பீரோவில் வைத்துவிட்டு வருவோம்.