நன்றி சொல்ல மனம் வராத நாள்களில் செய்யக் கூடாதவை

வேலூரில் மனச்சோர்வோடு இருக்கும் ஒருவருக்கு உறவினர் சொல்லும் முதல் அறிவுரை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "ஐடா ஸ்கடர் சாலையில் ஒரு நடை போய்ப் பார். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, ஸ்கேன் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். உனக்கு என்ன குறை? இருப்பதை நினைத்துச் சந்தோஷமாக இரு."

சொல்பவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் மனச்சோர்வு உள்ளவரிடம் செய்யக் கூடாத தவறுகளில் இதற்குத்தான் முதலிடம். 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற குற்ற உணர்வு அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. அதன் மேல் 'நன்றி கெட்டவன்' என்ற பட்டத்தையும் ஏற்றி வைக்கிறோம். அவர் வாயை மூடிக்கொள்வார். நாம் தெளிந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வோம். அடுத்தவர் வலியைப் பார்த்து வருவது 'நமக்கு அது இல்லையே' என்ற ஆறுதல் மட்டுமே. அந்த ஜார்க்கண்ட் பெரியவர் குணமாகி ஊர் திரும்பிவிட்டால், பிறகு யாரைக் காட்டிச் சந்தோஷப்படச் சொல்வது?

அடுத்த தவறு இதைவிட ஆபத்தானது: நன்றி சொல்லத் தோன்றுபவற்றை எழுதி வைக்கும் நன்றிக் குறிப்பேட்டை மாத்திரைக்கு மாற்றாக எடுத்துக்கொள்வது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்டவே சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் "இது வேலை செய்யவில்லை, மனதை மாற்றிக்கொண்டாலே போதும்" என்று பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கக் கேடு, பதற்றம் வரலாம், நோயும் திரும்பலாம். நன்றிப் பயிற்சிகள் பற்றிய 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளியான ஓர் அலசல், மனச்சோர்வையும் பதற்றத்தையும் அவை குறைக்கும் அளவு சிறியது என்றே முடிவுக்கு வந்தது. சிகிச்சைக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அதன் தலையில் சுமத்துவது நியாயமில்லை.

குறிப்பேடு எழுதுகிறவர்களிலும் பலர் பெரிய பெரிய விஷயங்களாக எழுதுகிறார்கள். 'நல்ல குடும்பம், ஆரோக்கியம், கடவுள் அருள்.' மூன்றாம் நாள் அதே மூன்று வரி. நான்காம் நாள் எழுத ஒன்றும் இருக்காது. சோர்ந்த மனம் ஏற்கெனவே நேற்றையும் நாளையையும் மென்றுகொண்டிருக்கிறது. அதற்குப் பெரிய சொற்கள் பிடிபடாது. கைக்கு எட்டுகிற பொருள் வேண்டும். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார்கள். பதம் தப்பினால் கத்தரிக்கும்போதே விரிசல் விடும், சுற்றும்போது கிழியும். அப்படி ஒருவர், 'இன்று இலை பதமாக இருந்தது, மடியில் இருந்த முறம் மாலைக்குள் நிறைந்தது' என்று எழுதினால் போதும். கத்திரி வெயிலில் போன மின்சாரம் திரும்பி வந்து, மின்விசிறியின் முதல் காற்று வியர்த்த முதுகில் பட்ட நொடியையும் எழுதலாம். எழுதும்போது நெஞ்சு நெகிழ வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இன்பத்தை உணரும் திறன் மங்குவதே இந்த நோயின் வேலை. 'காற்று பட்டது, தெரிந்தது' என்பதே அன்றைக்கு நிறைவான வரி.

தினமும் எழுதியே தீர வேண்டும் என்ற விரதமும் வேண்டாம். வாரம் ஒரு முறை எழுதினாலும் போதும். 2003இல் வெளியாகி இந்தப் பழக்கத்தைப் பரவலாக்கிய அமெரிக்க ஆய்விலேயே, ஒரு பகுதியில் மாணவர்கள் வாரத்துக்கு ஒரு முறைதான் எழுதினார்கள். விட்டுப்போன நாள்களுக்குக் கணக்கு வைத்தால் அதுவும் ஒரு கடனாகிவிடும்.

நன்றி சொல்லவே கூடாத இடமும் உண்டு. அடிக்கிற கணவனைப் பற்றி, "குடிக்கவில்லையே, அதற்கு நன்றி சொல்" என்று மகளைத் திருப்பி அனுப்பும் வீடுகள் நம் ஊரில் குறைவில்லை. அந்த மகளுக்கு வேண்டியது பாதுகாப்பு.

வீட்டார் இன்னொன்றும் செய்கிறார்கள். ஒரு மாதமாக அறையை விட்டு வராத பையன் ஒரு நாள் தொலைக்காட்சி பார்த்துச் சிரித்துவிடுகிறான். உடனே அம்மா, "பார், நன்றாகத்தானே இருக்கிறாய்! நாளையிலிருந்து வேலைக்குப் போ" என்கிறார். அடுத்த முறை அவனுக்குச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொள்வான். சிரித்தால் நோய் பொய்யாகிவிடுமே. நல்ல நொடி ஒன்று வந்தால் அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாமல், பக்கத்தில் உட்கார்ந்து நாமும் சிரித்துவிட்டுப் போகலாம். 1957இல் பாகாயத்தில் தொடங்கிய சி.எம்.சி. மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்துச் சிகிச்சை தரும் முறைக்குப் பெயர் பெற்றது. நோயைப் புரிந்துகொள்ள வேண்டியவர் நோயாளி மட்டும் இல்லை என்பது நம் ஊருக்கு அவ்வளவு காலமாகத் தெரிந்த செய்திதான்.

சாவைப் பற்றிய எண்ணம் வந்தால், அல்லது பல நாள் தூக்கமும் சாப்பாடும் நின்றுபோனால், அது குறிப்பேடு எழுதும் நேரம் இல்லை. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. 104 என்ற மருத்துவ உதவி எண்ணையும் அழைக்கலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரில் போவதென்றால் காலையிலேயே கிளம்புங்கள், அவரைத் தனியாக அனுப்ப வேண்டாம்.