பல நிறச் சஃபையர் கற்களைத் தேர்ந்தெடுத்து நகை செய்வது எப்படி

சஃபையர் என்றதும் நீலமே நினைவுக்கு வந்தாலும், அலுமினியம் ஆக்சைடால் ஆன குருந்தம் என்னும் அந்தக் கனிமம் மஞ்சள், இளஞ்சிவப்பு, ஊதா, ஆரஞ்சு, பச்சை எனப் பல நிறங்களில் கிடைக்கிறது. சிவப்பாக இருந்தால் அதையே மாணிக்கம் என்கிறோம். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து நீலத்தைத் தருகின்றன. குரோமியம் சிறிதளவு கலந்தால் இளஞ்சிவப்பு உண்டாகிறது. நிறம் எதுவானாலும் கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவில் 9 என்பதால், ஒரே வளையலில் பல நிறங்களை அடுத்தடுத்துப் பதித்தாலும் ஒரு கல் முன்னதாகவே தேய்ந்து மங்கிவிடும் என்ற கவலை இல்லை. அமெதிஸ்ட், பெரிடாட் போன்றவற்றைக் கலந்து செய்யும் நகைகளுக்கு இந்த உறுதி கிடையாது.

வரிசையாகப் பதிக்கக் கற்களைச் சேர்க்கும்போது, எத்தனை நிறங்கள் என்பதைக் காட்டிலும் அவற்றின் அடர்த்தி ஒத்துப்போகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். வெளிர் மஞ்சளுக்குப் பக்கத்தில் மைக்கருநீலக் கல்லை வைத்தால், சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு அங்கே ஒரு பொத்தல் இருப்பதுபோலத்தான் தெரியும். கற்களை வெள்ளைத் தாளில் பரப்பி, நேரடி வெயில் படாத சன்னலோரத்தில் வைத்து, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் எந்தக் கல் தனித்துத் தெரிகிறதோ அதை மாற்றிவிடலாம். பிறகு மஞ்சள் குண்டு பல்பின் ஒளியிலும் ஒருமுறை பார்ப்பது அவசியம், ஏனெனில் பகலில் நீலமாக இருக்கும் சில கற்கள் அந்த ஒளியில் ஊதாவாக மாறும். அளவைக் காரட்டில் கேட்காமல் மில்லிமீட்டரில் கேளுங்கள். பதிக்கும் குழிக்கு விட்டம்தான் கணக்கு. 6 மில்லிமீட்டர் வட்டக் கல் ஏறத்தாழ 1 காரட், அதாவது 0.2 கிராம் எடை இருக்கும்.

இரத்தினபுரிப் பகுதியில் ‘இல்லம்’ எனப்படும் சரளை அடுக்கிலிருந்து எடுத்துப் பட்டை தீட்டப்படும் இலங்கைக் கற்களில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. மேலிருந்து பார்த்தால் முழுதும் நீலமாகத் தெரியும் கல்லை இடுக்கியில் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால், உடல் தண்ணீர்போல நிறமற்று இருக்க, அடிமுனையில் மட்டும் நீலம் ஒரு திட்டாகத் தங்கியிருக்கும். இருக்கும் கொஞ்ச நிறத்தையும் கல் முழுக்கப் பரப்பிக் காட்டுவதற்காகவே அப்படி வெட்டுகிறார்கள். என் கணிப்பில் இது ஏமாற்று அல்ல, கைத்திறன். ஆனால் இத்தகைய கல்லின் அடிப்பகுதியை மறுபடி தீட்டக் கொடுத்தால் நிறமே போய்விடும், நேராகப் பதிக்காமல் சாய்த்துப் பதித்தாலும் வெளுத்துத் தெரியும்.

அடுத்ததாக, அந்த நிறம் கல்லுக்கு எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். உலையில் சூடேற்றி நிறத்தையும் தெளிவையும் கூட்டுவது பரவலான வழக்கம். பால்போல மங்கிய இலங்கைக் ‘கெவுட’ கற்களைத் தாய்லாந்து வணிகர்கள் 1970களில் நீலமாக்கியது இந்த முறையில்தான். அந்த நிறம் நிலையானது என்பதால், சிறு கற்களைச் சூடேற்றியவையாகவே வாங்குவதில் தவறில்லை. சூடேற்றாத கல்லுக்குரிய கூடுதல் விலையை நடுவில் பதிக்கும் பெரிய கல்லுக்கு மட்டும் கொடுத்தால் போதும். பெரிலியத்தை உட்புகுத்தி மஞ்சளோ ஆரஞ்சோ ஆக்கிய கல்லின் மதிப்பு மிகவும் குறைவு, அதைக் கைலென்ஸால் மட்டும் உறுதி செய்யவும் இயலாது. ஆகவே பெரிய மஞ்சள் கல்லுக்கும், இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த பத்பராட்ஷாவுக்கும் ஆய்வுக்கூடச் சான்றிதழ் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். கதிரியக்கத்தால் மஞ்சளாக்கப்பட்ட கல் வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

செயற்கைச் சஃபையர் 1910களிலிருந்தே சந்தையில் இருக்கிறது. மொத்தமாக வாங்கும் பொடிக்கல் பொட்டலங்களில் அது கலந்து வருவதும் உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸில் பாருங்கள்: இயற்கைக் கல்லில் நிறப் பட்டைகள் நேராகவோ கோணமாகவோ ஓடும், சுடரில் உருக்கி வளர்த்த கல்லில் அவை வளைந்திருக்கும். எதுவுமே தென்படாத கல்லை நல்லதென்று சொல்லிவிட முடியாது. மஞ்சள் சஃபையருக்கு வழங்கும் புஷ்பராகம் என்ற பெயரில் டோபாஸ் என்னும் வேறு கல்லும் விற்கப்படுவதால், ரசீதில் ‘இயற்கைச் சஃபையர்’ என்றும், சூடேற்றியதா இல்லையா என்றும் எழுதி வாங்குங்கள்.

பதிக்கும்போது கல்லின் பின்புறம் திறந்திருக்கும்படி செய்யச் சொல்லுங்கள். பின்புறத்தை அடைத்துத் தகடு வைத்தால் நிறம் கூடித் தெரியும், ஆனால் அழுக்கு சேர்ந்தால் கழுவ வழியில்லை. மஞ்சள், ஆரஞ்சுக் கற்களுக்கு மஞ்சள் தங்கமும், வெளிர் நீலத்துக்கும் ஊதாவுக்கும் வெள்ளைத் தங்கமும் பொருந்தும். எல்லா நிறங்களும் கலந்த நகைக்கு என் விருப்பம் மஞ்சள் தங்கமே. வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, மிருதுவான தூரிகை ஆகியவை சுத்தம் செய்யப் போதும். பழுதுபார்க்கக் கொடுத்தால், விரிசலில் கண்ணாடி நிரப்பிய கல் ஏதேனும் உள்ளதா என்பதைப் பத்தரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; ஊதுகுழல் சூடும் அமிலமும் அந்தக் கண்ணாடியைக் கெடுத்துவிடும்.