பிளக் பாயிண்ட் வேலை செய்தால் மட்டும் போதுமா?

புது சாக்கெட்டை மாட்டி, போன் சார்ஜரைச் செருகிப் பார்க்கிறோம். சார்ஜ் ஏறியதும் வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறோம். ஆனால் சார்ஜர் இழுக்கும் மின்சாரம் மிகவும் கொஞ்சம். எர்த் வயரே இல்லாவிட்டாலும், ஸ்க்ரூ பாதிதான் இறுகியிருந்தாலும் அது ஓடும்.

நான் அதிகம் பயப்படுவது லூஸ் கனெக்‌ஷனுக்குத்தான். சரியாக இறுகாத ஒரு ஸ்க்ரூவில் 0.1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 15 ஆம்பியர் இழுக்கும் பெரிய ஹீட்டரைப் போட்டால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 22.5 வாட் சூடு உண்டாகும். பிளாஸ்டிக் பெட்டிக்குள் சின்ன சாலிடரிங் அயர்னைப் போட்டு வைத்தது மாதிரி. மின்சாரம் அளவுக்கு மேல் போனால் தானாக அணையும் எம்சிபி ஸ்விட்ச் இதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் வயரில் போகும் மின்சாரம் அளவுக்குள்தான் இருக்கிறது. சூடு ஏற ஏற இணைப்பு இன்னும் கெட்டு, இன்னும் சூடாகும்.

அதனால் வயர் இழைகளை நன்றாக முறுக்கி, எல்லா இழையும் துளைக்குள் போகிறதா என்று பாருங்கள். நுழையவில்லை என்று நாலைந்து இழையை வெட்டிவிடுவது பெரிய தப்பு. ஸ்க்ரூ தோலின் மேல் அல்ல, செம்பின் மேல் இறுக வேண்டும். இறுக்கியபின் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள்.

அடுத்தது, எர்த் வயர் வரவில்லை என்று சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் மிஷினின் உலோக உடம்பு முழுக்க பேஸ், அதாவது ஷாக் அடிக்கும் மின்சாரம், வந்து நிற்கும். சாதாரண பிளக் டெஸ்டரில் மூன்று விளக்கும் சரியாகவே காட்டும் என்பதால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். எர்த் இழுக்க முடியாத இடத்தில் மூன்று பின் சாக்கெட்டே வேண்டாம்.

நியூட்ரலில் ஸ்விட்ச் வைத்தாலும் மிஷின் நிற்கும், ஆனால் உள்ளே பேஸ் இருந்துகொண்டே இருக்கும். ஸ்விட்ச் பேஸில்தான் வர வேண்டும். வயரின் நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. ஒரு நாட்டில் நியூட்ரலாக இருக்கும் கறுப்பு வயர் இன்னொரு நாட்டில் பேஸ்.

லைட்டுக்கு ஓடும் மெல்லிய வயரிலிருந்து பவர் சாக்கெட்டுக்குக் கிளை எடுக்காதீர்கள். 3000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று பெரிய எம்சிபியாக மாற்றினால், அந்த வயருக்கு இருந்த ஒரே காவலும் போய்விடும்.

இதெல்லாம் பெட்டியைத் திறந்த பிறகு செய்யும் தவறுகள். கை வைப்பதற்கு முன்பே ஒன்று நடக்கிறது: எம்சிபியை அணைத்தாச்சு என்று அப்படியே வயரைத் தொடுவது. அணைத்தது வேறு எம்சிபியாக இருக்கலாம். ஒரே பெட்டிக்குள் இரண்டு சர்க்யூட் வயர் வந்திருக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் டெஸ்டர் எரியவில்லை என்பது மட்டும் போதாது, அதன் விளக்கே போயிருக்கலாம். மல்டிமீட்டரை முதலில் மின்சாரம் இருக்கும் சாக்கெட்டில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யப்போகும் பெட்டியில் எல்லா முனைகளையும் சோதியுங்கள், அப்புறம் மறுபடியும் முதலில் பார்த்த அதே சாக்கெட்டில் ஒருமுறை. மீட்டர் கடைசிவரை சரியாக இருந்தது என்று தெரிந்தபின் ஸ்க்ரூவைக் கழற்றுங்கள்.