கம்பெனி பள்ளிக்குள் வரும்போது: கையெழுத்துக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்குக் கம்பெனிப் பணம் வருவது நல்லதுதான். ஆனால் புதிதாகப் பொறுப்பேற்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் கம்பெனியோடு ஒப்பந்தம் போடும்போது சில இடங்களில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகின்றன.

பொருள் யாருக்குச் சொந்தம் என்று எழுதாமல் விடுவது

ஸ்மார்ட் போர்டு, யூபிஎஸ், லேப்டாப் எல்லாம் வந்து இறங்கும். போட்டோ எடுப்பார்கள். இருப்புப் பதிவேட்டில் ஏறாது. ஒப்பந்தம் முடிந்ததும் கழற்றிக்கொண்டு போனால் தடுக்கக் கையில் ஒரு தாள் இருக்காது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இது கோர்ட் வரை போனது. அங்கே பொதுப் பணத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகள் பலவற்றை வொயிட் ஹேட் மேனேஜ்மென்ட் என்ற லாப நோக்கு நிறுவனம் நடத்தியது. அரசு தந்த பணத்தில் சுமார் 95 சதவீதம் அதன் கைக்கே போனது. பள்ளிகள் பிரிய நினைத்தபோது, அந்தப் பணத்தில் வாங்கிய மேசை, நாற்காலி, கணினிகளை அவை விலை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த வரி செல்லும் என்று 2015-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் பணம் என்ற வாதம் எடுபடவில்லை.

இங்கே, சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணத்தில் உருவாகும் மூலதனச் சொத்தை, அதாவது பல வருஷம் உழைக்கும் பொருளை, கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள 2021 விதித் திருத்தம் இடம் தரவில்லை. ஆனால் பதிவு பெற்ற அறக்கட்டளை வைத்துக்கொள்ளலாம். கம்பெனியே தொடங்கிய அறக்கட்டளைக்கும் அது பொருந்தும். விற்பனைப் பிரிவு "இலவச சோதனை" என்று தருவதற்கோ இந்தப் பாதுகாப்பே கிடையாது. எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள்.

பிறகு ஒப்பந்தத்தில் இந்த வரி இருக்கட்டும்: "ஒப்படைத்த நாள் முதல் எல்லாப் பொருளும் பள்ளியின் சொத்து, ஒப்பந்தம் முடிந்தாலும் திரும்பப் பெறப்படாது." இறக்கிய அன்றே மாடல், வரிசை எண், பில் எண், தேதி நான்கையும் பதிவேட்டில் ஏற்றி, தலைமை ஆசிரியரும் குழுத் தலைவரும் கையெழுத்திடுங்கள். மென்பொருளின் அட்மின் பாஸ்வேர்டும் பொருள்தான். அதையும் எழுதி வாங்குங்கள்.

பராமரிப்பை வாய்ப்பேச்சில் விடுவது

கூடலூர், பந்தலூரில் ஜூனில் பிடிக்கிற ஈரம் செப்டம்பர் வரை விடாது. புரொஜெக்டர் லென்ஸில் பூஞ்சை படரும். மின்னலில் யூபிஎஸ் போகும். மெக்கானிக் கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வர வேண்டும். புகார் சொல்லி எத்தனை நாளில் ஆள் வரணும், பேட்டரி மாற்றும் செலவு யாருடையது, இரண்டையும் எழுதுங்கள்.

கம்பெனி சம்பளத்தில் ஆசிரியர்

ஏப்ரல் வரை இருப்பார் என்று எழுத்தில் வாங்குங்கள். ஜனவரியில் நின்றால் பத்தாம் வகுப்புதான் அடிபடும்.

பிள்ளைகளின் ஆதார், பெற்றோர் போன் எண்

தராதீர்கள்.

தீர்மானம் இல்லாமல் கையெழுத்து

2009 கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பச்சைத் தேயிலை பறிக்கப் போகிறவர்களும் வருகிற மாதிரி ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு, ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, தீர்மானம் போட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.